பெயர் தெரியாத பாகம்: நிறக் கோடுகளும் மீட்டரும் எதுவரை சொல்லும்?

ஐந்து கோடுகள் போட்ட ஒரு சிறிய ரெசிஸ்டர். இடமிருந்து வலமாகப் பழுப்பு, கருப்பு, கருப்பு, சிவப்பு, பழுப்பு. விதிப்படி வாசித்தால் பத்தாயிரம் ஓம். டாலரன்ஸ் ஒரு சதவீதம். அதையே திருப்பிப் பிடித்தால் பழுப்பு, சிவப்பு, கருப்பு, கருப்பு, பழுப்பு. இப்போது 120 ஓம், அதே ஒரு சதவீதம். இரண்டுமே கடையில் கேட்டால் எடுத்துத் தரும் மதிப்புகள். கடைசிக் கோடு சற்றுத் தள்ளி இருக்கும், சற்று அகலமாக இருக்கும் என்று பாடப்புத்தகம் சொல்கிறது. அரை அங்குலம்கூட இல்லாத உடலில் அந்த இடைவெளியைக் கண்டுபிடிப்பது புத்தகம் எழுதியவருக்கே சிரமம். மீட்டரை வைத்தால் ஒரு நொடியில் தீர்ந்துவிடும்.

அப்படியானால் மீட்டரே போதுமே, கோடுகள் எதற்கு? பெயர் தெரியாத மின்னணுப் பாகத்தை இனங்காண்பது பற்றிப் பேசுகிறவர்கள் இந்தக் கேள்வியில் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள். படித்து வந்தவர்கள் குறியீட்டை நம்புகிறார்கள். பட்டறையில் வளர்ந்தவர்கள் மீட்டரை நம்புகிறார்கள். இரு தரப்பும் பாகத்தின் மதிப்பைப் பற்றியே பேசுகின்றன. தாங்குதிறனைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. பாகத்தை எரித்தோ உடைத்தோ பார்த்தாலொழிய மீட்டரால் தாங்குதிறனைச் சொல்ல முடியாது.

மின்னணுப் பாகம் வாங்கச் சென்னைக்கு ரிச்சி தெரு எப்படியோ, டெல்லிக்குச் செங்கோட்டைக்கு எதிரே இருக்கும் லஜ்பத் ராய் மார்க்கெட் அப்படி. பிரிவினையின்போது இடம்பெயர்ந்து வந்தவர்களின் கடைகளோடு வளர்ந்த சந்தை இது. வானொலிப் பாகங்களில் தொடங்கி, 1982 ஆசிய விளையாட்டுப் போட்டிகளோடு வந்த வண்ணத் தொலைக்காட்சி, டேப் ரெக்கார்டர், டிஷ், இன்றைய கண்காணிப்புக் கேமரா என்று எல்லா அலைகளையும் பார்த்துவிட்டது. புதிய பாகம் ரீலிலோ லேபிள் ஒட்டிய பையிலோ வருகிறது. அதற்கு அடையாளச் சிக்கல் இல்லை. பையிலிருந்து கொட்டப்பட்டவை, கலந்துபோனவை, பழைய போர்டிலிருந்து கழற்றியவை ஆகியவற்றுக்குத்தான் சிக்கல். யமுனைக்கு அப்பால் சீலம்பூரிலும் முஸ்தஃபாபாதிலும் வந்து சேரும் கணினிப் போர்டுகளைச் சூடாக்கிப் பாகங்களைப் பிடுங்குகிறார்கள். தங்கமும் செம்பும் ஒரு பக்கம் போக, இன்னும் உயிருள்ள சிப்பும் கெபாசிட்டரும் மறுவிற்பனைக்குப் பிரிக்கப்படுகின்றன. அங்கே அந்தப் பிரிப்பு பெரும்பாலும் கண்ணால்தான் நடக்கிறது.

முதலில் நிறங்கள். கருப்பு சைபர், பழுப்பு ஒன்று, சிவப்பு இரண்டு, ஆரஞ்சு மூன்று, மஞ்சள் நான்கு, பச்சை ஐந்து, நீலம் ஆறு, ஊதா ஏழு, சாம்பல் எட்டு, வெள்ளை ஒன்பது. சிவப்பிலிருந்து ஊதா வரை வானவில்லின் வரிசை. அதற்குக் கீழே இருட்டின் இரண்டு நிறங்கள், மேலே வெளிச்சத்தின் இரண்டு நிறங்கள். இந்த ஒழுங்கைக் கவனித்துவிட்டால், ஐடிஐக்களிலும் பாலிடெக்னிக்குகளிலும் தலைமுறை தலைமுறையாக உருப்போடும் 'பி. பி. ராய் ஆஃப் கிரேட் பிரிட்டன்' வாய்ப்பாடு தேவையே இல்லை. நான்கு கோட்டு ரெசிஸ்டரில் முதல் இரண்டும் இலக்கம், மூன்றாவது எத்தனை சைபர், நான்காவது டாலரன்ஸ்: தங்கம் ஐந்து சதவீதம், வெள்ளி பத்து, கோடே இல்லையென்றால் இருபது. ஐந்து கோட்டில் இலக்கம் மூன்றாகிறது. ஒரே ஒரு கருப்புக் கோடு மட்டும் இருந்தால் அது சைபர் ஓம். இயந்திரம் போர்டில் பொருத்த வசதியாக ரெசிஸ்டர் வடிவம் கொடுக்கப்பட்ட வெறும் கம்பி.

எண்ணை அப்படியே அச்சிட்டிருக்கலாமே என்றால், உருளையான சிறிய உடலில் அச்சு ஒரு பக்கம்தான் தெரியும். போர்டில் பொருத்தும்போது அந்தப் பக்கம் அடியில் போய்விட்டால் எழுதியும் பயனில்லை. சுற்றிவரப் போட்ட கோடு எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் தெரியும். ஆனால் நிறக் குறி கோடாகப் பிறக்கவில்லை. அமெரிக்க வானொலி உற்பத்தியாளர் சங்கம் முதலில் பரப்பிய முறையில் உடலின் நிறம் முதல் இலக்கம், ஒரு முனையின் நிறம் இரண்டாம் இலக்கம், நடுவில் இருக்கும் புள்ளி பெருக்கி. பச்சை உடல், நீல முனை, மஞ்சள் புள்ளி என்றால் 5,60,000 ஓம். டெல்லி வானொலி நிலையம் ஒலிபரப்பைத் தொடங்கிய 1936-ஐ ஒட்டிய காலத்து வால்வு ரேடியோவைத் திறப்பவர்கள் இந்த முறையைத்தான் சந்திப்பார்கள். புள்ளியே தென்படாவிட்டால் அது உடலின் நிறத்திலேயே இருக்கிறது என்று கொள்ள வேண்டும். முழுக்கச் சிவப்பாக, ஒரு குறியும் இல்லாமல் இருக்கும் பழைய ரெசிஸ்டர் அச்சு அழிந்துபோனது அல்ல. 2,200 ஓம் என்று தெளிவாகச் சொல்லிக்கொண்டிருக்கிறது.

வாசித்தது சரியா என்று சோதிக்க உள்ளேயே ஒரு காவல் இருக்கிறது. பாடம் நடத்துகிறவர்கள் இதை ஏனோ விட்டுவிடுகிறார்கள். எந்த எண்ணுக்கும் ரெசிஸ்டர் செய்வதில்லை. பத்து சதவீத வரிசையில் 10, 12, 15, 18, 22, 27, 33, 39, 47, 56, 68, 82 என்று பன்னிரண்டே எண்கள். பத்தின் மேல் எல்லை பதினொன்று. பன்னிரண்டின் கீழ் எல்லை 10.8. ஒன்றின் எல்லை முடியும் இடத்தை அடுத்ததன் எல்லை தொட்டுவிடுவதால் நடுவில் வேறு மதிப்பு தேவைப்படுவதில்லை. ஐந்து சதவீத வரிசையில் இருபத்துநான்கு. பத்திலிருந்து தொண்ணூற்றொன்பது வரை தொண்ணூறு எண்கள் இருக்க, அவற்றில் இருபத்துநான்குக்குத்தான் உயிர். ஆரஞ்சு, மஞ்சள் என்று வாசித்து 34 வந்தால் நான்கு கோட்டு ரெசிஸ்டரில் அப்படி ஒன்று கிடையாது. 33-ஐயோ 36-ஐயோ தவறாகப் படித்திருக்கிறோம். காகிதத்தில் பார்த்தால் நான்கில் மூன்று பிழைகளை இந்தப் பட்டியலே பிடித்துவிட வேண்டும்.

பட்டறையில் அப்படிப் பிடிப்பதில்லை. கண் எல்லா நிறங்களிலும் ஒரேபோலத் தவறுவதில்லை. சிவப்பும் பழுப்பும், சிவப்பும் ஆரஞ்சும், சாம்பலும் ஊதாவும், வயதான போர்டில் தங்கமும் மஞ்சளும் குழம்பும். 22-இன் முதல் சிவப்பைப் பழுப்பாகப் படித்தால் 12. அது பட்டியலில் இருக்கிறது. இரண்டையும் பழுப்பாகப் படித்தால் 11, அதுவும் இருக்கிறது. 33-இன் இரண்டு ஆரஞ்சையும் சிவப்பாகப் படித்தால் 22. கண் அதிகம் தடுமாறும் இடத்தில்தான் பட்டியலும் நம்மைக் கைவிடுகிறது. பெருக்கிக் கோட்டில் இதே பிழை நேர்ந்தால் மதிப்பு பத்து மடங்கு மாறும். அது மீட்டரில் உடனே அகப்பட்டுவிடும் என்பதால் அவ்வளவு ஆபத்தில்லை.

சூடு இதைக் கூட்டுகிறது. ஆண்டுக்கணக்கில் வெந்த ரெசிஸ்டரில் ஆரஞ்சு கருத்துச் சிவப்பாகும், சிவப்பு பழுப்பாகும். மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டர்களுக்கு அடிக்கும் நீலப் பூச்சு கோடுகளின் நிறத்தையே மாற்றிக் காட்டும். அந்த நீலத்தின் மேல் போட்ட ஊதாக் கோட்டைக் கடையின் மஞ்சள் விளக்கில் வாசிக்கச் சொல்வது கொடுமை. பகல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து பார்ப்பதே பாதி வைத்தியம். சிவப்பு, பச்சை பிரித்தறிய முடியாத பார்வை ஆண்களில் நூற்றுக்குச் சிலருக்கு உண்டு. அவர்களும் இந்தத் தொழிலில் இருக்கிறார்கள், மீட்டரை வைத்தே காலம் தள்ளுகிறார்கள். செல்பேசிக் கேமராவால் கோடு படிக்கும் செயலிகளுக்கும் இதே நோய்தான். எந்த விளக்கின் கீழ் எடுத்த படம் என்பது தெரியாமல் எது பழுப்பு, எது சிவப்பு என்று அவற்றாலும் நிச்சயமாகச் சொல்ல முடியாது.

ஐந்து கோடு என்றாலே ஒரு சதவீதம் என்ற நம்பிக்கையும் பொய்க்கக்கூடும். ராணுவத் தரப் பழைய ரெசிஸ்டர்களில் நான்கு கோட்டுக்குப் பிறகு வரும் ஐந்தாவது, ஆயிரம் மணி நேரத்தில் எத்தனை பழுதாகும் என்ற நம்பகக் கணக்கைச் சொல்வது. பிரிட்டிஷ் பாகங்களில் வெளிர் இளஞ்சிவப்பு ஐந்தாம் கோடு உயர் நிலைத்தன்மையைக் குறிக்கும். நடுவில் தங்கமோ வெள்ளியோ இருந்து அதற்குப் பிறகும் ஒரு கோடு வந்தால் இந்த ஐயம் எழ வேண்டும்.

ரெசிஸ்டர் போலவே இருந்து ரெசிஸ்டர் அல்லாதவை தனி வகை. பச்சை உடலுக்குள் வார்க்கப்பட்ட சிறு காயில்களும் இதே நிறங்களை, இதே வரிசையில் அணிந்துகொள்கின்றன. பழுப்பு, கருப்பு, சிவப்பு என்றால் அங்கே ஆயிரம் மைக்ரோஹென்றி. ஆயிரம் ஓம் என்று நினைத்து மீட்டர் வைத்தவருக்குச் சில ஓம்கள்தான் காட்டும். ரெசிஸ்டர் ஷார்ட் என்று முடிவு கட்டிக் கழற்றி எறிந்துவிட்டு, அங்கே ஆயிரம் ஓமைப் பொருத்துவார், வட்டம் செத்துப்போகும். ரெசிஸ்டர் கெட்டால் பெரும்பாலும் மதிப்பு ஏறும், அல்லது திறந்துகொள்ளும். ஷார்ட் ஆவது அபூர்வம். எனவே கோடு ஆயிரம் சொல்லி மீட்டர் மூன்று சொன்னால் இரண்டில் ஒன்று பொய் என்று எண்ணத் தேவையில்லை. அது வேறு சாதிப் பாகம்.

கெபாசிட்டர்களில் நிறம் இன்று ஏறக்குறைய மறைந்துவிட்டது. ஒரு காலத்தில் முல்லார்டு நிறுவனத்தின் சி280 வகைப் பாலியெஸ்டர் கெபாசிட்டர்கள் பட்டைப் பட்டையாக மின்னும். வெப்பமண்டல மீன் என்றே வெளிநாட்டுப் பொழுதுபோக்காளர்கள் அவற்றுக்குப் பெயர் வைத்தார்கள். மேலிருந்து இரண்டு இலக்கம், ஒரு பெருக்கி, டாலரன்ஸ், கடைசியில் வோல்ட்டேஜ், மதிப்பு பிகோஃபாரடில். பழுப்பு, கருப்பு, மஞ்சள் என்றால் 0.1 மைக்ரோஃபாரட். பட்டைகளுக்கு நடுவே இடைவெளியே விடாததால் ஒரே நிறம் அடுத்தடுத்து வந்தால் ஒரே தடித்த பட்டையாகத் தெரியும். ஆரஞ்சு மூன்று முறை வரும் 0.033 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரில் பாதி உடலே ஆரஞ்சுதான். அகலத்தை அளந்து எத்தனை பட்டை என்று ஊகிக்க வேண்டும். நிறத்திலேயே தாங்கும் வோல்ட்டேஜையும் சொன்ன முறை அது. இன்றைய சில பாகங்கள் அந்தத் தகவலைச் சொல்வதே இல்லை.

இப்போது எண்கள். 104 என்றால் பத்தும் நான்கு சைபரும் சேர்ந்த பிகோஃபாரட், அதாவது 0.1 மைக்ரோஃபாரட், கூட வரும் ஜே, கே, எம் என்ற எழுத்துகள் ஐந்து, பத்து, இருபது சதவீதம். போர்டின் மேற்பரப்பில் ஒட்டும் எஸ்எம்டி ரெசிஸ்டரில் 103 பத்தாயிரம் ஓம். ஒரு சதவீத வகையில் இடம் போதாததால் இன்னொரு முறை: தொண்ணூற்றாறு மதிப்புகளுக்கும் 01 முதல் 96 வரை வரிசை எண் கொடுத்து, பக்கத்தில் ஓர் எழுத்தைப் பெருக்கியாகப் போடுகிறார்கள். '01சி' என்று இருந்தால் அதுவும் பத்தாயிரம் ஓம்தான். எஸ்எம்டி செராமிக் கெபாசிட்டரின் மேல் ஒன்றுமே இருக்காது. பழுப்பான சிறு கட்டி, அவ்வளவுதான். சீலம்பூர் போர்டிலிருந்து அதைக் கழற்றிய நொடியில் அதன் வரலாறு அழிந்துவிடுகிறது.

டயோடில் கோடு கேத்தோடைக் காட்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டரில் பட்டை மைனஸைக் காட்டும், செவ்வக டான்டலம் கெபாசிட்டரில் பட்டை பிளஸைக் காட்டும் என்பது பலருக்கு ஒரு வெடிச் சத்தத்துக்குப் பிறகுதான் தெரியவருகிறது. கண்ணாடி டயோடுகளில் நிறக் கோடு இருந்தால் முன்னே வரும் '1என்' என்பதை விட்டுவிட்டு எண்ணை மட்டும் நிறத்தில் எழுதியிருப்பார்கள். மஞ்சள், பழுப்பு, மஞ்சள், சாம்பல் என்றால் 1என்4148. கோடு ஒன்றே ஒன்றுள்ள கண்ணாடி டயோடு சாதாரண டயோடாகவும் இருக்கலாம், ஜீனராகவும் இருக்கலாம். மல்டிமீட்டரின் டயோடு சோதனையில் இரண்டும் 0.6 வோல்ட்டுக்குப் பக்கத்தில் நின்று ஒரே முகத்தைக் காட்டும். முப்பது வோல்ட் சப்ளையோடு பத்தாயிரம் ஓம் ரெசிஸ்டரைத் தொடராகப் போட்டு, டயோடைத் தலைகீழாக இணைத்து அதன் குறுக்கே அளந்தால் ஜீனர் தன் வோல்ட்டேஜில் நின்றுவிடும். செலவில்லாத சோதனை; ஆனாலும் பட்டறைகளில் யாரும் செய்வதில்லை, எல்லோருக்கும் அவசரம்.

டிரான்சிஸ்டரில் டெல்லிக்கு ஒரு சொந்தக் கதை உண்டு. சிலிக்கான் பாகங்கள் செய்யும் கான்டினென்டல் டிவைஸ் இந்தியா நிறுவனம் 1964-இல் இங்கே தொடங்கியது. இந்தியக் கல்லூரி ஆய்வகங்களில் எஸ்.எல்.100, எஸ்.கே.100 என்ற உலோகத் தொப்பி ஜோடியைத் தொடாமல் யாரும் தேர்வு எழுதியதில்லை. முன்னது என்பிஎன், பின்னது பிஎன்பி. தொப்பியின் விளிம்பில் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு நாக்குக்குப் பக்கத்துக் கால் எமிட்டர். இவற்றை உலகப் பட்டியல்களில் தேடினால் கிடைக்காது; இந்த மண்ணின் எண்கள். ஐரோப்பிய எண்ணில் முதல் எழுத்து 'ஏ' என்றால் ஜெர்மானியம், 'பி' என்றால் சிலிக்கான். ஜப்பானியப் பாகத்தில் '2எஸ்' என்பதை அச்சிடாமல் 'சி1815' என்று மட்டும் போடுவார்கள். தட்டைப் பக்கம் நம்மைப் பார்க்கும்படி பிடித்தால் பிசி547-இல் இடது கால் கலெக்டர். அதே உருவமுள்ள 2என்3904-இல் இடது கால் எமிட்டர். சி1815-இல் நடுக்கால் கலெக்டர். உருவத்தை வைத்துக் காலைச் சொல்கிறவரை நம்ப வேண்டாம்.

எண் அழிந்துபோன டிரான்சிஸ்டருக்கு மல்டிமீட்டரே போதும். டயோடு நிலையில் மூன்று கால்களுக்கிடையே ஆறு விதமாகத் தொட்டால் இரண்டு தொடுகையில் மட்டும் வோல்ட்டேஜ் காட்டும். இரண்டிலும் பொதுவாக இருப்பது பேஸ். அதில் சிவப்பு முனை இருந்தால் என்பிஎன், கருப்பு முனை இருந்தால் பிஎன்பி. இரண்டு அளவுகளில் சற்றுக் கூடுதலாக, சில மில்லிவோல்ட் மட்டும் கூடுதலாக, இருப்பது எமிட்டர் பக்கம். 0.6 வந்தால் சிலிக்கான், 0.2 வந்தால் ஜெர்மானியம். இரண்டு கால் பாகத்தில் 0.2 வந்தால் அது ஷாட்கி டயோடாகவும் இருக்கலாம் என்பதை மறக்கக் கூடாது.

இதே வேலையைத் தானாகச் செய்யும் சோதனைக் கருவி இன்று செல்பேசிக் கடைக்காரரின் மேசையிலும் கிடக்கிறது. ஜெர்மனியில் மார்குஸ் ஃப்ரேயெக் என்ற பொழுதுபோக்காளர் தொடங்கி, கார்ல்-ஹைன்ஸ் க்யூபெலர் விரிவாக்கி, எல்லோருக்கும் இலவசமாக விட்ட வடிவமைப்பு அது. சீனத் தொழிற்சாலைகள் அதைப் பல்லாயிரக்கணக்கில் நகலெடுத்து மலிவாக்கின. ஏடிமெகா328 நுண்கட்டுப்படுத்தியின் மூன்று சோதனை முனைகள் ஒவ்வொன்றுக்கும் 680 ஓம் ஒன்று, 4,70,000 ஓம் ஒன்று என இரண்டு ரெசிஸ்டர்கள். அவற்றின் வழியே ஒவ்வொரு முனையையும் மாற்றி மாற்றி ஐந்து வோல்ட்டுக்கும் பூமிக்கும் இழுத்துப் பார்த்து, என்ன நடக்கிறது என்பதை வைத்து இது டிரான்சிஸ்டர், இது மாஸ்ஃபெட், இது கெபாசிட்டர் என்று திரையில் படமே வரைந்துவிடுகிறது. அருமையான கருவி. ஆனால் அதன் கையில் இருப்பது ஐந்து வோல்ட்டும் சில மில்லிஆம்பியரும்தான். ஐந்து வோல்ட்டுக்கு மேற்பட்ட ஜீனரை அது சாதாரண டயோடு என்கிறது. திறக்க அதிக கேட் வோல்ட்டேஜ் கேட்கும் மாஸ்ஃபெட்டைச் சரியாக அடையாளம் காணாமலும் போகலாம். அறுபது வோல்ட் டிரான்சிஸ்டரும் அறுநூறு வோல்ட் டிரான்சிஸ்டரும் அதன் திரையில் இரட்டைப் பிள்ளைகள்.

மீட்டரின் சொல்லும் ஒரு சங்கிலியில் தொங்குவதுதான். மீட்டர் சொல்லும் ஓம் சரியான ஓம்தானா என்று கேட்டுக்கொண்டே மேலே போனால், டெல்லியிலேயே டாக்டர் கே. எஸ். கிருஷ்ணன் மார்கில் இருக்கும் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் போய் நிற்போம். 1947 ஜனவரி 4 அன்று நேரு அடிக்கல் நாட்டி, 1950 ஜனவரி 21 அன்று படேல் திறந்துவைத்த நிறுவனம். இந்தியாவின் அளவைத் தரங்களின் காப்பாளர். அதன் முதல் இயக்குநர்தான் அந்தச் சாலைக்குப் பெயரான கரியமாணிக்கம் ஸ்ரீனிவாச கிருஷ்ணன். வத்திராயிருப்புக்காரர், ராமனோடு 1928 கண்டுபிடிப்பில் தோள்கொடுத்தவர், உலோகங்களின் மின்தடை பற்றியே ஆராய்ந்தவர், தமிழில் அறிவியல் எழுதியவர். இன்று ஓமின் தரம் எந்தக் கம்பிச் சுருளிலும் இல்லை. 1980-இல் கிளிட்சிங் கண்ட குவாண்டம் ஹால் விளைவின் 25,812.807 ஓம் என்ற மாறிலியில் இருக்கிறது. 2019 மே 20 முதல் பிளாங்க் மாறிலியையும் எலெக்ட்ரான் மின்னூட்டத்தையும் நிலைநிறுத்தியதால் அந்த எண்ணும் உறைந்துவிட்டது.

இவ்வளவு துல்லியம் பாகத்தை இனங்காண வேண்டியதில்லை. அளப்பது வேறு, இனங்காண்பது வேறு. ஒரு சதவீத ரெசிஸ்டரை, தானே ஒரு சதவீதம் பிசகக்கூடிய மலிவு மீட்டரால் சரிபார்க்க முடியாது. ஆனால் இது பத்தாயிரமா, நூற்றிருபதா என்பதற்கு அந்த மீட்டரே அதிகம். கோடுகள் சில சாத்தியங்களைத் தருகின்றன. அவற்றில் எது என்று பொறுக்கும் அளவுக்கு மீட்டர் சொன்னால் போதும். குறியையும் அளவையும் சேர்த்து வாசிப்பதன் லாபம் இதுதான்.

மீட்டரை எப்படிக் கெடுத்துக்கொள்கிறோம் என்பதற்கும் சில வார்த்தைகள். இரு முனையையும் விரலால் பிடித்துக்கொண்டு மெகாஓம் அளந்தால் பாதி நம் உடம்பு. டெல்லியின் ஆகஸ்ட் வியர்வையில் முக்கால்வாசி. ஒரு ஓமுக்குக் கீழே அளந்தால் புரோபுக் கம்பியின் மின்தடை சேர்ந்துகொள்ளும். இரண்டு முனையையும் ஒன்றாக இடித்து வரும் எண்ணைக் கழித்துக்கொள்ள வேண்டும். போர்டிலேயே வைத்து அளந்தால் பக்கத்துப் பாகங்கள் இணையாகச் சேர்ந்து எண்ணைக் குறைத்துக் காட்டும். ஆனால் கெபாசிட்டர்களை வடித்துவிட்டு அளந்தபோது குறியைவிட அதிகமாகக் காட்டினால் அந்த ரெசிஸ்டர் நிச்சயம் கெட்டதுதான், கழற்றிப் பார்க்கவே வேண்டாம். இணைப்பு குறைக்குமே தவிர ஒருநாளும் கூட்டாது. பழைய கார்பன் கம்போசிஷன் ரெசிஸ்டர்கள் ஈரத்தாலும் வயதாலும் இப்படித்தான் ஏறிப்போகின்றன. எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டரில் மைக்ரோஃபாரட் சரியாக இருந்தும் உள் மின்தடை ஏறியிருக்கும். பத்து டிகிரி சூடு கூடினால் அதன் ஆயுள் பாதி என்பது தொழிலின் கைக்கணக்கு. டெல்லி மே மாதத்துக்கு அந்தக் கணக்கு நன்றாகவே தெரியும்.

மூன்றாவது சாட்சி ஒன்று உண்டு: பாகம் இருந்த இடம். முற்றிலும் கருகிய ரெசிஸ்டருக்குக் கோடும் இல்லை, அளவும் இல்லை. ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயராக இருந்தால் பக்கத்துச் சானலில் அதே இடத்தில் அதன் உடன்பிறப்பு முழுதாக நிற்கும். எல்ஈடியின் தொடரில் இருந்ததா, டிரான்சிஸ்டரின் எமிட்டரில் இருந்ததா, மின்சாரம் நுழையும் வாசலில் இருந்ததா என்பதே அதன் மதிப்பைச் சுற்றிக் கோடு கிழித்துவிடும். போர்டில் ஆர், சி, எல், டி, க்யூ என்று அச்சிட்டிருக்கும் ஒற்றை எழுத்து அது எந்தச் சாதி என்ற தகராறைத் தீர்த்துவைக்கும். பச்சை உடல் காயில் குழப்பத்துக்கு அந்த எழுத்தே மருந்து. பழுதுபார்க்கிறவருக்குக் கிடைக்கும் இந்தச் சாட்சி, சீலம்பூரிலிருந்து உதிரியாக வாங்குகிறவருக்குக் கிடைப்பதில்லை. உதிரிப் பாகம் மலிவாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

குறியே பொய்யாக இருந்தால்? கழற்றிய சிப்பின் முகத்தைத் தேய்த்துக் கருப்புப் பூச்சு கொடுத்து, விலை உயர்ந்த வேறு எண்ணை அச்சிடும் தொழில் உலகமெங்கும் நடக்கிறது. அமெரிக்க செனட்டின் ராணுவக் குழு 2012 மே மாதம் வெளியிட்ட அறிக்கை, பாதுகாப்புத் துறை விநியோகத்தில் சுமார் 1,800 சந்தேக நேர்வுகளையும் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட பாகங்களையும் கண்டது. அவை புறப்பட்ட இடமாக அது காட்டியது பெரும்பாலும் சீனாவை. பூச்சை அசிட்டோனில் நனைத்த பஞ்சால் துடைத்துப் பார்ப்பது முதல் சோதனை. அச்சு ஒட்டிக்கொண்டே வந்தால் அது அசல் சிப் அன்று. அதற்கும் தப்பும் பூச்சுகள் இப்போது வந்துவிட்டன.

டெல்லியின் பழைய சாமான் சந்தைகளில் குறி தெரியாத பொருளுக்கு மிகக் கொடிய உதாரணம் மின்னணுப் பாகமே அல்ல. 2010-இல் டெல்லிப் பல்கலைக்கழகத்தின் பழைய காமாக் கதிர்க் கருவி ஏலத்தில் போய், மாயாபுரி பழைய இரும்புக் கடைகளில் பிரிக்கப்பட்டது. உள்ளே இருந்தது கோபால்ட்-60. அறியாமல் கையில் எடுத்தவர்கள் நோயுற்றார்கள். ஏப்ரலில் ஒருவர் இறந்தார். கண்ணுக்கு அது பளபளக்கும் உலோகம், தராசுக்கு அது இத்தனை கிலோ. அதற்கேற்ற அளவுகோலை யாரும் நீட்டாதவரை அது தன்னைக் காட்டிக்கொள்ளவில்லை.

எதை அளக்கவில்லை என்ற கேள்வி சிறிய பாகங்களிலும் எழுகிறது. சார்ஜரின் வாசலில் இருக்கும் பத்து ஓம் ரெசிஸ்டர், மிகை மின்சாரம் வந்தால் தீப்பிடிக்காமல் தானே அறுந்துபோகும்படி செய்யப்பட்ட ஃபியூஸ் வகை. அதற்குப் பதில் போடும் சாதாரணப் பத்து ஓமும் மீட்டரில் பத்துதான். கால் வாட், அரை வாட் என்று உருவத்தைப் பார்த்துச் சொல்வதும் இப்போது பலிப்பதில்லை. மெட்டல் ஃபிலிம் சின்ன உடலிலேயே அதிகம் தாங்கும். செராமிக் கெபாசிட்டரின் மைக்ரோஃபாரட்டை மீட்டர் தன் சிறு வோல்ட்டேஜில் அளக்கிறது. வேலை செய்யும் வோல்ட்டேஜ் ஏறினால் சில வகைகளில் அந்தக் கொள்ளளவில் பாதிக்கு மேல் காணாமல் போகும்.

சார்ஜரிலோ தொலைக்காட்சியின் பவர் சப்ளையிலோ மின்வாரியப் பக்கத்துக்கும் வெளிப்பக்கத்துக்கும் நடுவே பாலமாக ஒரு நீல வட்டு நிற்கும். 222 என்று போட்டிருக்கும், 2,200 பிகோஃபாரட். கூடவே 'ஒய்1' அல்லது 'ஒய்2' என்ற எழுத்தும் பல நாடுகளின் சோதனை முத்திரைகளும் சிறியதாக நெருக்கி அச்சிடப்பட்டிருக்கும். ஒய்1 என்றால் எட்டாயிரம் வோல்ட் அதிர்ச்சியைத் தாங்கிக் காட்டியது, ஒய்2 ஐயாயிரம். கெட்டுப்போனாலும் ஷார்ட் ஆகாமல் திறந்துகொள்ளும்படி செய்யப்பட்டவை. அதே நீலத்தில், அதே அளவில், அதே 222 போட்டு, ஆயிரம் வோல்ட் சாதாரண வட்டும் விற்கிறது. சோதனைக் கருவியில் வைத்தால் இரண்டும் 2.2 நானோஃபாரட். சாதாரண வட்டு ஷார்ட் ஆனால் 230 வோல்ட் நேராக வெளிப்பக்கத்துக்கு, சார்ஜரைச் செருகிய செல்பேசியின் உலோக விளிம்புக்கு, வந்துவிடும். ஒய் எழுத்து தேய்ந்துபோன நீல வட்டு எவ்வளவு சரியாக அளந்தாலும் அந்த இடத்துக்கு ஆகாது. புதியது சில ரூபாய்.